உடலினுள் விழித்திருக்கும் காவல்





தறிக்குழியில் கால் வைத்துப் பட்டு நெய்யும் சகோதரருக்குப் பாதத்தில் புண் உண்டாகிறது. இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். ஏன்?

இரத்தக் குழாய்களைப் போன்றே நிணநீர்க் குழாய்களையும் அல்லாஹ் நம் உடலில் அமைத்துள்ளான். அவற்றின் வழிநெடுக, அவரை விதை வடிவில், பல நூறு நிணநீர் முடிச்சுகள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அவை கூட்டமாக இருக்கின்றன. நிணநீர் பல குழாய்களால் உட்புகுந்து, வடிகட்டப்பட்டு, ஓரிரு குழாய்களால் வெளியேறுகிறது. முடிச்சின் புறப்பகுதியில் பி அணுக்களும், அதன் உட்புறம் டி அணுக்களும், நடுவே கிருமிகளை விழுங்கும் அணுக்களும் உறைகின்றன. கிருமி வந்ததும் அதனை இனங்காணும் அணுக்கள் பல்கிப் பெருகுகின்றன, எதிர்ப்பொருள் உருவாகிறது. அப்பெருக்கமே நாம் காணும் வீக்கம். ஓர் உறுப்பு நோவுற்றால் முழு உடலும் துணை நிற்கும் என்று மூமின்களை ஓருடலுக்கு உவமித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல் எத்துணை உண்மை!

எனினும், கழுத்தில் வலியின்றித் தோன்றி இரண்டு வாரங்களைக் கடந்தும் வடியாத வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது. அது காசநோயாகவும் இருக்கலாம். முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதனையே. சம்பந்தம் தடைபடுமோ என அஞ்சிப் பெண்மக்களின் கழுத்தைத் துப்பட்டாவால் மறைத்து வைப்பது பெரும் தவறு. பிறர் குறையை மறைக்கவே மார்க்கம் பணித்தது. மருத்துவரிடம் நோயை மறைக்க அன்று.

நுரையீரலில் நோய் இல்லையெனில் இது பிறருக்குத் தொற்றாது. ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தறிவர். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், குழந்தைகளின் கழுத்து நெறிக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாவதை 1990இல் வெளியிட்டது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். வீக்கம் வடிந்தது என்றோ, இடையில் சற்றுப் பெருத்தது என்றோ தாமாகவே மருந்தை நிறுத்தலாகாது.

தண்ணீர் ஓதி வாங்க வருவோரிடம் நாம் கூறுவது இதுவே: துஆச் செய்கிறோம், நீங்கள் மருத்துவரிடமும் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.