கோப்பெருஞ்சிங்கன்: வாளும் கோபுரமும்

13ஆம் நூற்றாண்டுத் தமிழக அரசியலில் மிகுதியாகப் பழிக்கப்பட்டவனும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டவனும் காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன். சோழ வரலாற்றின் கடைசிப் பக்கங்களில் அவன் பேரரசனைச் சிறையிட்ட கலகக்காரனாகவே தோன்றுகிறான். அவனுடைய சொந்தக் கல்வெட்டுகளோ வேறொரு மனிதனைக் காட்டுகின்றன. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால்தான் அவனுக்கு நீதி கிடைக்கும்.

காடவர்கள் தம்மைப் பல்லவர் வழியினராகக் கூறிக்கொண்டவர்கள். திருமுனைப்பாடி நாட்டில் சோழருக்குக் கீழ்ப்பட்ட தலைவர்களாக இருந்து, தலைமுறை தலைமுறையாக வலிமை பெற்றனர். கெடில ஆற்றுப் பகுதியிலுள்ள சேந்தமங்கலம் அவர்களுடைய கோட்டை நகரம். சோழன் மூன்றாம் குலோத்துங்கனின் இறுதிக் காலத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தபோதே சோழ அரசின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. 1216இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் இராசராசன் போசளர் துணையின்றி நிற்க முடியாதவன். காடவரின் எழுச்சிக்கு வழிவிட்டது இந்தத் தளர்ச்சிதான்.

கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் சோழனைத் தோற்கடித்து, அரச சின்னங்களைப் பறித்து, அமைச்சர்களோடு சேந்தமங்கலத்தில் சிறைவைத்த செய்தியை வயலூர்க் கல்வெட்டு பெருமிதத்துடன் பாடுகிறது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் 9ஆம் நூற்றாண்டில் பாண்டியரை வென்றதும் இதே தெள்ளாற்றில்தான். பல்லவப் பழமையைத் தன் உரிமையாகக் கொண்டாடிய ஒருவனுக்கு இந்தக் களத்தின் பொருள் தெரியாமல் இருந்திருக்காது.

எதிர்த்தரப்பின் குரல் திருவந்திபுரக் கல்வெட்டில் ஒலிக்கிறது. இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டைச் (1231–32) சேர்ந்த இந்தச் சாசனம் நாளேடு போல விரிவானது. செய்தி அறிந்த போசள இரண்டாம் நரசிம்மன், சோழனை மீட்கும்வரை காளம் ஊதுவதில்லை எனச் சூளுரைத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். வழியில் மகர நாட்டை அழித்துப் பாச்சூரில் தங்கினான். அவன் ஏவலால் அப்பண்ணன், சமுத்திரகோப்பையன் ஆகிய தண்டநாயகர்கள் எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர் எனத் தொடங்கி ஊர் ஊராக அழித்துச் சென்றனர். ஈழத்துப் பராக்கிரமபாகு உள்ளிட்டோரும் காடவன் பக்கம் நின்று மாண்டனர். இடையில் பொன்னம்பலத்தில் வழிபட்ட படை, திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, திருவதிகை வட்டாரத்தை எரித்தது. சேந்தமங்கலத்தின்மேல் படை திரும்பவிருந்த நிலையில் கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவித்தான்.

கோயில்களை அழித்தவன் என்றும் இதே சாசனம் அவனைக் குற்றஞ்சாட்டுகிறது. வென்றவர் தரப்பின் இந்தச் சொல்லை அப்படியே ஏற்பது முறையன்று. பெருஞ்சேதம் விளைவித்ததாகத் தாமே எழுதிவைத்தவர்கள் அந்தத் தண்டநாயகர்கள் என்பதையும் மறக்கலாகாது.

தெள்ளாற்று வீரனும் 1243இல் ஆட்சியாண்டுக் கணக்கைத் தொடங்கிய கோப்பெருஞ்சிங்கனும் ஒருவனா, தந்தையும் மகனுமா என்பது நெடுநாளைய விவாதம். இருவர் என்ற கருத்துக்கே இன்று ஆதரவு மிகுதி. சகலபுவனச் சக்கரவர்த்தி, அவனியாளப் பிறந்தான் என்ற விருதுகளைச் சூடியவன் 1243இல் தொடங்கியவன். தனியரசன் என்பதை உலகறியச் சொன்னவன். ஆந்திர நாட்டுத் திரிபுராந்தகத்திலும், 1262இல் திராட்சாராமத்திலும் அவன் பொறித்த கல்வெட்டுகள், அவனுடைய அடிச்சுவடு எவ்வளவு வடக்கே சென்றது என்பதற்குச் சான்று.

போரைவிடத் தில்லைக் (சிதம்பரம்) கோயிலே அவனை வாழவைத்தது. ஏழுநிலைக் கீழைக் கோபுரத்தைப் போரில் கிடைத்த பொருளால் எழுப்பியதாகத் திரிபுராந்தகக் கல்வெட்டு கூறுகிறது. சொக்கச்சீயன் என்ற பெயரில் தெற்குக் கோபுரம் எழுப்ப ஆற்றூர் வருவாய் ஒதுக்கப்பட்டது. கீழைக் கோபுர வாயிலில் 108 நடனக் கரணங்கள், பரத நூலின் சுலோகங்களோடு செதுக்கப்பட்டுள்ளன. பரதம் வல்ல பெருமாள், சாகித்திய ரத்னாகரன் என அழைக்கப்பட்ட ஒருவனின் காலத்துக்கு இந்தச் சிற்பங்கள் மிகப் பொருந்துகின்றன. ஆடற்கலை வரலாற்றுக்கு இவனளவு பங்களித்த போர்வேந்தர் தமிழகத்தில் அரியர்.

1251இல் முடிசூடிய சடாவர்மன் சுந்தர பாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் குதிரைகளையும் கருவூலத்தையும் கைப்பற்றி, பின் நாட்டை அவனுக்கே திருப்பி அளித்தான். அதன்பின் பாண்டியரின் மேலாண்மையை ஏற்றே காடவன் ஆண்டான். அவனுடைய கல்வெட்டுகள் 36ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது ஏறத்தாழ 1279 வரை கிடைக்கின்றன. சோழன் மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகளும் அதே ஆண்டோடு நின்றுவிடுகின்றன. இருவரின் நாடும் பாண்டியர் ஆட்சியில் கலந்தது.