பொருந்துதலும் பொறுத்தலும்



உங்களில் பலர் விரைவில் தொழில் தேடிப் புறப்படுவீர்கள். ஒரு வேலைக்கு யார் பொருத்தமானவர் என்பதை, உலகிலேயே மிகத் தனித்த வேலைத்தலம் ஒன்றை வைத்துச் சிந்திப்போம்.

தென்துருவத்தில் ஐக்கிய அமெரிக்கா நடத்தும் அமுண்ட்சென்–ஸ்கொட் ஆய்வு நிலையத்தில் குளிர்காலத்தில் 40 பேரளவில் தங்குகின்றனர். ஆறு மாதங்களுக்குச் சூரியன் உதிப்பதில்லை. பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பின் ஒக்டோபர் வரை வழமையான விமானங்கள் வருவதில்லை. காலையில் வாக்குவாதப்பட்டவரோடுதான் மதியமும் உணவருந்த வேண்டும். விஞ்ஞானியாயினும் வைத்தியராயினும் துப்புரவு வேலையில் தம் முறையைச் செய்ய வேண்டும். குளிப்பது வாரத்தில் இரு தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம்.

அந்தாட்டிக்காவில் குளிர்காலம் கழித்தோரை ஆராய்ந்த உளவியலாளர் மூன்று தகுதிகளைக் குறிப்பிட்டனர்: தொழில் திறமை, மன உறுதி, பிறரோடு இசைந்து வாழும் தன்மை. முதலாவது மட்டும் போதாது.

தென்துருவத்தில் குளிர்காலம் முழுவதும் தங்கிய முதற் பெண், 1979 இல் அங்கிருந்த மிஷேல் ரேனி. அவர் எம்மைப் போல் ஒரு வைத்தியர். 1999 இல் அங்கு கடமையாற்றிய வைத்தியர் ஜெரி நீல்சன், தம் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டார். வைத்தியம் படியாத சக ஊழியர்களின் துணையோடு தாமே இழையம் எடுத்தார். ஜூலையில் விமானத்திலிருந்து மருந்துகள் போடப்பட்டன. ஒக்டோபரிலேதான் அவரை வெளியே கொண்டுவர முடிந்தது. அதுவரை அவரைத் தாங்கியவர்கள் அந்தச் சக ஊழியர்களே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தாட்டிக்க நிலையங்களில் பெண்கள் பாலியல் தொல்லைக்கு ஆளாவது பாரதூரமான பிரச்சினை என்று, அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றம் 2022 இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. முறையிட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கவில்லை.

பிள்ளைகளே, பெண்களாகிய எங்களுக்குச் சிறுவயது முதல் சொல்லப்படுவது ‘அனுசரித்துப் போ’ என்பதே. முறை வந்தால் நிலம் கூட்டுவதும், களைத்தவருக்காக ஒரு வேலையைக் கூடச் செய்வதும் அனுசரிப்பு. அவமானத்தை விழுங்குவதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டாம். வேலைத்தலமும் மனிதருக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்; முறைப்பாட்டைக் கேட்க ஆளில்லாத இடத்தில் எந்தத் தகுதியும் காப்பாற்றாது. தூரப் பிரதேச வைத்தியசாலைகளில் தனியே இரவுக் கடமை பார்த்த நாங்கள் இதை அறிவோம்.

ஆகவே, நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத்தோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: அங்கே ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் போவது? விடை இல்லையென்றால் அதை உருவாக்கும்படி கேளுங்கள். கூடி வேலை செய்யவும் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் இந்தக் கல்லூரியிலேதான் நாங்கள் பழகினோம்.