பசுமை இல்ல வாயுவும் ஒரு தாத்தாவின் கேள்வியும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் பல ஆண்டுகள் அறிவியல் நடத்தியவன் நான். காலநிலை மாற்றப் பாடத்தில் நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதல் தவறு சொல்லில். ‘பசுமை இல்ல வாயு என்றால் என்ன?’ என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, “பசுமை இல்லாத வாயு, சார்” என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அவள் பேசும் தமிழில் ‘இல்ல’ என்றால் ‘இல்லை’தானே? செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டை அவள் எங்கே பார்த்திருப்பாள்? பார்க்காத ஒன்றைச் சொல்லி, புரியாத ஒன்றை விளக்க முயன்றது என் பிழை.

மறுநாள் வேறு விதமாகத் தொடங்கினேன். “மார்கழியில் எந்த இரவு அதிகம் குளிரும்? மேகம் மூடிய இரவா, வானம் தெளிந்த இரவா?” “நட்சத்திரம் தெரியுற ராத்திரிதான் சார்” என்று வகுப்பே சொன்னது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் வெளியே விடுகிறது. மேகம் அதில் ஒரு பகுதியைத் தடுத்துத் திரும்பக் கீழே அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடும் கண்ணுக்குத் தெரியாமல், இரவும் பகலும், இதுபோலவே வெப்பத்தைத் தடுக்கிறது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் இந்த வாயு ஏறத்தாழ 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவும் சொன்ன பிறகே கரும்பலகையில் ‘பசுமை இல்ல வாயு’ என்று எழுதி, ‘இல்லம்’ என்றால் வீடு என்றேன். அந்த மாணவியே எழுந்து விளக்கம் சொன்னாள்.

இரண்டாவது தவறு பெரியது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னைகளைச் சாய்த்தது. பள்ளி திறந்ததும், “இதுக்கும் அந்த வாயுதான் காரணமா சார்?” என்று கேட்டார்கள். யோசிக்காமல் “ஆமாம்” என்றேன்.

சில நாளில் ஒரு மாணவனின் தாத்தா பள்ளிக்கு வந்தார். தோப்பை இழந்தவர். “தம்பி, 1952-லயும் பெரும்புயல் அடிச்சுது. அப்ப எனக்குப் பத்து வயசு. ஊருல மாட்டுவண்டிதான் ஓடுச்சு. அது எந்த வாயுவால வந்துச்சு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. என் ஒரு சொல்லால் பேரனின் பாடம் முழுவதுமே அவருக்குப் பொய்யாகத் தெரிந்தது.

அடுத்த வகுப்பில், “நான் சொன்னது சரியில்லை” என்று ஒப்புக்கொண்டு பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம், உறுதியாகத் தெரிந்தவை: புவி 1 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகியிருக்கிறது, காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கனமழை இன்னும் கனக்கும், கடல் மட்டம் உயர்கிறது, அதனால் புயல் தள்ளும் நீர் இன்னும் உள்ளே வரும். மறுபக்கம், உடனே சொல்ல முடியாதவை: புயல் முன்பும் வந்தது, இனியும் வரும், ஒரு குறிப்பிட்ட புயலில் வெப்பமாதலின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தாத்தாவையும் அழைத்து, 1952-இல் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னேன். கேட்டு முடித்துப் பலகையைப் பார்த்தவர், “இப்படிச் சொன்னா ஒத்துக்கலாம் தம்பி. அப்ப, வாய்க்காலையும் கரையையும் இப்பவே பார்த்துக்கணும்” என்றார். நான் நடத்த நினைத்திருந்த அடுத்த பாடம் அதுதான்.

நண்பர்களே, நாம் வகுப்பில் சொல்வது மாலையில் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் கண்டதிலிருந்து தொடங்குவோம். கலைச்சொல் பிறகு வரட்டும். தெரிந்ததைத் தயங்காமல் சொல்வோம். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதிருப்போம்.