மூன்றாம் வகுப்புப் பெட்டி
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டரை மேடையேற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்று கோச்சிப் பெட்டிகளைப் பற்றிப் பேசுவோம்.

நம் சங்கத்துக்கும் பதுளை புகையிரத நிலையத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடத் தொடங்கிய ரயில், 1894இல் பண்டாரவளைக்கு வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. இடையில் உலகப் போர், ஒன்பது வளைவுப் பாலம், தெமோதர சுற்றுப்பாதை. கங்காணி ஒருவர் தலைப்பாகை சுற்றியதைப் பார்த்துத்தான் அந்தச் சுற்றுப்பாதைக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. பொறியியலாளர்கள் ஒப்புவார்களோ என்னவோ! ஆனால் மலையக ரயிலின் கதையில் நம் ஆட்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் அந்தத் தலைப்பாகை அளவுதான்.

பழைய ரயில்களைக் காப்பாற்றும் வேலை உலகெங்கும் நடக்கிறது. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற சிறு ரயில்பாதை மூடப்படவிருந்தபோது, சாதாரண ஜனங்கள் 1950இல் சங்கம் அமைத்து, மறுவருடமே தாங்களே அதை ஓட்டினார்கள். தொண்டர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில் அதுதான். நம் நாட்டில் 1986 முதல் 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' நீராவி ரயில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடியது. கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நல்ல காரியங்கள்தான். ஆனாலும் எங்கே பார்த்தாலும் முதலில் மெருகேறுவது எஞ்சினும் துரைமார் அமர்ந்த சலூன் பெட்டியும். ட்ரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, ஜன்னலோரத்துக்குச் சண்டை பிடித்து, நாம் விடுதிக்கு வந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியை யார் தேடுவார்?

அந்தப் பெட்டிக்கு வேறொரு கதையும் இருக்கிறது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டார்கள். மலையகத்து நிலையங்களில் சட்டிபானைகளோடு ரயில் ஏறியவர்கள், தலைமன்னார் போய்க் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். நம் அக்காமாரின் வகுப்புத் தோழிகளும் அவர்களோடு போனார்கள். வரவுப் பதிவேட்டில் ஒரு நாள் பெயர் இருந்தது, அடுத்த தவணையில் இல்லை. இன்று நீலகிரியில், கூடலூரில், கோத்தகிரியில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஆகவே நம் செயற்குழுவுக்கு ஒரு யோசனை: பாவனையிலிருந்து நீக்கப்பட்ட மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றைத் திணைக்களத்திடம் கேட்போம். வார இறுதிகளில் நாமும் நம் பிள்ளைகளும் கைகொடுத்துப் புதுப்பிப்போம். தச்சு வேலைக்கும் இரும்பு வேலைக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் வழிகாட்ட வேண்டும். மரப்பெட்டி என்றால், ஜன்னலை இறக்கும்போது அது போய் ஒளியும் சுவர் இடுக்கில்தான் மழைநீர் தேங்கும். உளுத்தல் பெரும்பாலும் அங்கே தொடங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். நோயாளிகளிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறோம்.

இங்கே கொஞ்சம் டொக்டராகவும் பேசியாக வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலரத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சிலும் கையிலும் போய், சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும், நல்ல முகக்கவசம் வேண்டும், கை கழுவாமல் ரொட்டியைத் தொடக்கூடாது. தேய்க்கும் நாட்களில் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரவேண்டாம். அவர்களுக்குக் கதை சேகரிக்கும் வேலை இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிரித்தானியாவில் கட்டிய பல பெட்டிகளின் சுவருக்குள் அஸ்பெஸ்டஸ் தெளித்திருந்தார்கள். அதைக் கையாண்ட தொழிலாளருக்கு முப்பது, நாற்பது வருடம் கழித்து நெஞ்சில் புற்றுநோய் வந்தது. எனவே பெட்டியை முதலில் பரிசோதிக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் இருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம், வேறொன்று கேட்போம்.

பெட்டி கிடைக்க நாளாகலாம். கதைகளுக்கு அவ்வளவு நேரமில்லை, அந்த ரயிலை வழியனுப்பிய அக்காமாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. டொரொண்டோவிலோ லண்டனிலோ சென்னையிலோ இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, பழைய ரயில் டிக்கெட், நிலையத்தில் எடுத்த படம், தலைமன்னாரிலிருந்து வந்த கடைசிக் கடிதம், எது இருந்தாலும் பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். போன தோழியின் பெயர் மட்டும்தான் நினைவிருக்கிறதா? அதையும், அவர் இருந்த தோட்டத்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.