அனற்களத்தில் ஆணைமொழி



தீ எந்த மொழியையும் அறியாது. ஆனால், தீயை எதிர்த்து நிற்கும் மாந்தன் மொழியால் வாழ்கின்றான். மொழி பிழைத்தவிடத்து மாள்கின்றான். தலைவன் ஒருவன் உரைக்கும் ஒரே சொல் ஒரு குழுவின் உயிரனைத்தையும் காக்கக்கூடும். அச்சொல் விளங்காமற் போயின், அவ்வளவு உயிரும் அழியக்கூடும். மேடையிலும் ஏட்டிலும் மட்டுமன்று, அனற்களத்திலும் மொழிச் சிக்கல் உண்டு. தீயணைப்பு அலுவலர்க்குரிய தலைமைப் பயிற்சியின் வரலாறு இதனைத் தெள்ளிதின் உணர்த்தும்.

1949-ஆம் ஆண்டு, அஃதாவது திருவள்ளுவர் ஆண்டு 1980, ஆகத்துத் திங்கள் 5-ஆம் நாள். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையிலுள்ள மேன் கல்ச்சு என்னும் பள்ளத்தாக்கில் காட்டுத்தீ மூண்டது. அதனை அணைக்க வானூர்தியிலிருந்து வான்குடை வழியாக 15 தீயணைப்பு மறவர் குதித்தனர். அங்கிருந்த காவலர் ஒருவரும் சேர, அவர்கள் 16 பேராயினர். அவர்களின் தலைவர் வாக்னர் தாட்சு என்பவர். ஆற்றை நோக்கி அவர்கள் இறங்கிச் செல்லும்போது, தீ பள்ளத்தாக்கைத் தாண்டி அவர்களுக்கு முன்னே வந்து நின்றது. தாட்சு குழுவைத் திருப்பி மலைச்சரிவில் ஏறச் செய்தார். காய்ந்த புல் நிறைந்த செங்குத்தான சரிவு. பின்னே காற்றொடு கூடிய தீ. மாந்தன் மேலேறும்போது தளர்கின்றான். தீயோ மேலேறும்போது விரைகின்றது.

கருவிகளை எறிந்துவிட்டு ஓடுமாறு அவர் ஆணையிட்டார். பின்னர் ஓரிடத்தில் நின்று, தம் முன்னேயிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார்; அப்புல் எரிந்து அடங்கிய சாம்பலுள் வந்து படுக்குமாறு மற்றவர்களை அழைத்தார். எரிந்த இடத்தில் மீண்டும் எரிவதற்கு ஒன்றுமில்லை; பெருந்தீ அவ்விடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதே அவர் கருத்து. ஆனால், ஒருவர் கூட அவ்வழைப்பை ஏற்கவில்லை. அனைவரும் அவரைக் கடந்து ஓடினர். ஓடியவருள் இருவரே முகட்டுப் பாறையிடுக்கின் வழியே தப்பினர். சாம்பலுள் படுத்திருந்த தாட்சும் உயிர் பிழைத்தார். எஞ்சிய 13 பேர் மாண்டனர். வானினின்று குதித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கு ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாட்சு அயன்மொழியிற் பேசவில்லை. அவர் மொழியும் அம்மறவர் மொழியும் ஒன்றே. ஆயினும், அவர் சொல் அவர்களைச் சென்று சேரவில்லை. கரணியம் யாது? தீயிலிருந்து தப்புவதற்குத் தீ வைக்கும் முறை அவர்களுக்கு எந்தப் பயிற்சியிலும் கற்பிக்கப்பட்டதன்று. அவர்கள் நெடுநாள் ஒரே குழுவாக அவர் தலைமையில் உழைத்தவருமல்லர். சொல் இருந்தது, சொல்லுக்குப் பின்னே நிற்க வேண்டிய பொதுவான பட்டறிவும் நம்பிக்கையும் இல்லை. தலைமை என்பது உரத்த குரலன்று; இடர் வருமுன்பே வளர்த்து வைக்கப்பட்ட நம்பிக்கை.

இதன் பின்னரும் பல உயிர்கள் தீக்கு இரையாயின. 1957-ஆம் ஆண்டு அமெரிக்கக் காட்டுப்பணித்துறை காட்டுத்தீ அணைப்போர்க்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தது. தெளிவாக ஆணையிடுக, அவ்வாணை விளங்கிற்றா என்பதையும் உறுதி செய்க என்பது அவற்றுள் ஒன்று. ஆணையிட்டவுடன் தலைவன் கடமை முடிவதில்லை. கேட்டவன் உள்ளத்தில் அது பொருளாக விளைந்த பின்னரே முடிகின்றது.

அடுத்த பாடத்தைக் கலிபோர்னியா புகட்டியது. 1970-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அம்மாநிலத்தில் 13 நாள்கள் தொடர்ந்து காட்டுத்தீ எரிந்தது. 16 பேர் மாண்டனர். 700-க்கு மேற்பட்ட கட்டடங்களும் 5 இலக்கம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் எரிந்தன. ஆள் இருந்தனர், ஊர்திகள் இருந்தன, நீரும் இருந்தது. ஆனால், ஒரே தீயின் முன் நின்ற பல துறையாரும் வெவ்வேறு முறையில் இயங்கினர்; வெவ்வேறு சொற்களைப் பேசினர்; வானொலி அலைகளும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கத் தீயணைப்பாளரிடையே ‘டேங்கர்’ என்னும் ஒரே சொல், ஒரு சாரார்க்கு நீர் சுமக்கும் ஊர்தி. மற்றொரு சாரார்க்கு மேலிருந்து தீயணை பொருளைப் பொழியும் வானூர்தி. நீரூர்தி வேண்டி நிற்பவனுக்கு வானூர்தி வந்தால் என்னாகும்?

இக்குழப்பத்தை நீக்கவே, 1970-களில் ஏழு துறைகள் கூடி ‘நிகழ்விடக் கட்டளை முறை’யை உருவாக்கின. அதன் நெறிகள் எளியவை, ஆயினும் வலியவை. ஒவ்வொருவரும் ஒரே மேலாளருக்கு மட்டுமே விடை சொல்ல வேண்டும். ஒருவரின் கீழ் மூவர் முதல் எழுவர் வரையே இருத்தல் வேண்டும். ஐவர் என்பது சிறந்த அளவு. பணிகள் கட்டளை, செயற்பாடு, திட்டம், வழங்கல், கணக்கு என ஐந்தாகப் பகுக்கப்படும். தீ சிறிதாயின் ஒருவரே ஐந்தையும் தாங்குவார். பெரிதாயின் பொறுப்புகள் பிரிந்து விரியும். தலைமை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாறுங்கால், நிலைமையை முறையாக எடுத்துரைத்தே மாறுதல் வேண்டும். இவற்றோடு இன்றியமையாத நெறி ஒன்றும் உண்டு: எல்லாரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்க வேண்டும்; மறைகுறி எண்களை விடுத்து, வானொலியில் எளிய மொழியிலேயே பேச வேண்டும்.

பெருமக்களே! வல்லரசு ஒன்று தன் மக்களைத் தீக்கு இரையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது: இடர்க்களத்தில் எளிய சொல்லே உயிர்காக்கும் சொல்.

முறை அமைந்தால் மட்டும் போதுமா? போதாது. 1994-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6-ஆம் நாள், கொலராடோ மாநிலத்தின் இசுடார்ம் கிங் மலையில் 14 தீயணைப்பு மறவர் மாண்டனர். அங்கும் காற்று திரும்பியது. சரிவில் தீ மேலேறியது. அதன்பின் ‘தலைவனை உருவாக்குவது எவ்வாறு?’ என்னும் வினா முதன்மை பெற்றது. மணற்பலகையில் மலையையும் தீயையும் அமைத்து, சில மணித்துளிக்குள் முடிவெடுக்கச் செய்யும் பயிற்சிகள் வந்தன. மறவர் மாண்ட இடங்களுக்கே இளந்தலைவர்களை அழைத்துச் சென்று, ‘இவ்விடத்தில் நீ என்ன செய்திருப்பாய்?’ என வினவும் நடைப்பயிற்சிகள் வந்தன. ஒவ்வொரு பணிக்குப் பின்னும் எதனைத் திட்டமிட்டோம், உண்மையில் என்ன நடந்தது, அவ்வாறு நடந்தது ஏன், அடுத்த முறை என்ன செய்வது என்னும் நான்கு வினாக்களைத் தலைவரும் கடைநிலையாளரும் ஒருங்கமர்ந்து ஆராயும் வழக்கம் ஊன்றியது.

பயிற்சியின் தேவையை உளவியலும் உறுதி செய்தது. 1980-களில் கேரி கிளைன் என்னும் ஆய்வாளர் தீக்களத் தலைவர்கள் முடிவெடுக்கும் முறையை ஆராய்ந்தார். அவர்கள் பல வழிகளை அடுக்கி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. முன்பு கண்டவற்றோடு இதனைப் பொருத்தி, உடனே செயலில் இறங்குகின்றனர் என்று கண்டார். காணாததைக் கண்டுணரல் அரிது. ஆகவே, மெய்த்தீ வருமுன் பொய்த்தீயிற் பலமுறை பழகுதல் வேண்டும்.

இதற்கும் தமிழகத்திற்கும் என்ன தொடர்பு? 2010-ஆம் ஆண்டு இந்திய அரசின் பேரிடர் மேலாண்மை ஆணையம் இக்கட்டளை முறையை இந்நாட்டுக்கு ஏற்பத் திருத்தி நெறிமுறையாக வெளியிட்டது. மாவட்டந்தோறும் வருவாய், காவல், காடு, நலத்துறை, தீயணைப்பு ஆகியவை ஒரே கட்டளையின் கீழ் இயங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கு மேற்பட்ட உயிர்கள் மறைந்தன. காய்ந்த புல்லும் சரிவும் காற்றும் மொண்டானாவுக்கு மட்டும் உரியன அல்ல.

அத்தகைய இடரில் முதலில் ஓடிவருவோர் யார்? மலையூர் மக்களும், காட்டுக்காவலரும், அண்டை நிலையத்துத் தீயணைப்பாளருமே. கட்டளை முறையின் பொறுப்புப் பெயர்களும் சுருக்கக்குறிகளும் ஆங்கிலத்திற் பிறந்தவை. அவற்றை அப்படியே தமிழர் தலையிற் சுமத்தினால், எளிய மொழியிற் பேசுக என்னும் அம்முறையின் உயிர்நெறியே இங்குச் செத்துவிடும். முறையை ஏற்று அதன் உயிரை விடுவது, விளக்கை வாங்கி எண்ணெயை மறப்பதாகும். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இலேயே இயற்றப்பட்டது. ஆட்சிமொழி என்பது கோப்பில் மட்டும் உறங்கும் மொழியன்று, ஆணையிடும் மொழியுமாகும்.

எனினும், தூயதமிழ் அன்பர்க்கும் மேன் கல்ச்சு ஒரு பாடத்தைச் சொல்லுகின்றது. கலைச்சொல் ஆக்கி அச்சிட்டு அடுக்கிவிட்டால் பணி முடிந்தது என எண்ணுதல் பெரும்பிழை. தாட்சின் சொல் தாய்மொழிச் சொல்லே. பழகாத சொல்லாதலால் பயன்படவில்லை. பயிற்சித் திடலில் நூறு முறை ஒலிக்காத தமிழ்ச்சொல், தீயின் முன் ஒருமுறையும் உதவாது. மூச்சுத் திணறும் புகையில் ஒரே மூச்சிற் சொல்லத்தக்கதாய், இரைச்சலிலும் பிறிதொன்றாய்க் கேளாததாய், ஒரு பொருளே உடையதாய் அச்சொல் அமைதல் வேண்டும். ‘நில்’, ‘திரும்பு’, ‘கருவியை எறி’, ‘வெளியேறு’ போன்ற சொற்களை உழவனும் அலுவலரும் ஒருங்கே அறிவர். இத்தகையவற்றையே முதலில் எடுத்தல் வேண்டும். தீயணைப்பாளரோடு அமர்ந்து, அவர்கள் வாயில் ஏற்கெனவே வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவர்கள் ஏற்பவற்றையே நிலைநிறுத்தல் வேண்டும். புலவர் தனித்திருந்து ஆக்கும் பட்டியல் அனற்களத்தில் நில்லாது.

தீயின் முன் நிற்கும் தமிழ் மறவன் தன் தலைவனின் ஆணையைத் தன் மொழியிற் கேட்க உரிமையுடையவன். அவ்வுரிமையை வழங்குவது அரசின் கடமை. அவ்வுரிமைக்கு ஏற்ற சொல்லை ஆக்கி, களத்திற் பழக்கிக் கொடுப்பது தமிழறிந்தார் கடமை. தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய், தமிழர் உயிர் வாழ வழிசொல்லும் வாயாகவும் ஆகுக!