மேட்லேபுக்கு மாற்று எது?

மேட்லேபின் உரிமக் கட்டணம் கட்டுபடியாகாமல் இலவச மாற்றைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, கையில் ஏற்கெனவே என்ன நிரல் இருக்கிறது என்பதை. எது சிறந்த மென்பொருள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த மேட்லேப் நிரல்கள் இருந்தால், தேர்வு குனு ஆக்டேவ். வேதிப் பொறியியல் பாடத்துக்குத் துணையாக ஜான் ஈட்டன் 1992-இல் எழுதத் தொடங்கிய இது, பெரும்பாலும் மேட்லேபின் மொழியையே பேசுகிறது. அணிக் கணக்கு, சமன்பாடு, வரைபடம் என்ற அளவில் உள்ள பழைய நிரல் அநேகமாகத் திருத்தமில்லாமலே ஓடும். சிக்னல், கன்ட்ரோல் வேலைகளுக்குத் தனித் தொகுப்புகளை நிறுவி, பயன்படுத்துமுன் 'பிகேஜி லோட்' கட்டளை கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமலே, ஆக்டேவில் அந்த வசதி இல்லை என்று கைவிடுபவர்கள் உண்டு. நிரல் மறுபடி மேட்லேபுக்குப் போக வேண்டியிருந்தால், குறிப்புரைக்கு % குறியையே இடுவது நல்லது. # குறியை ஆக்டேவ் ஏற்கும், மேட்லேப் ஏற்காது.

மேட்லேபின் கட்டப்பட வசதியான சிமுலிங்க் வேலைக்கு ஆக்டேவ் உதவாது. அதற்கு, பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான சைலேப் மென்பொருளில் எக்ஸ்காஸ் என்ற பகுதி இருக்கிறது. கட்டப்படம் வரைந்து இயக்கிப் பார்க்கலாம். ஆனால் பெரிய சிமுலிங்க் மாதிரியை அதில் புதிதாகவே வரைய வேண்டியிருக்கும், அது சில்லறை வேலையல்ல. சைலேப் கற்க ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

பழைய சுமை எதுவும் இல்லாதவருக்குப் பைத்தான்தான் சரி. நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் ஆகிய அதன் தொகுப்புகள் மூன்றும் சேர்ந்தால் கல்லூரிக் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். வேலைச் சந்தையிலும் பைத்தானுக்கு மதிப்பு அதிகம். மேட்லேப் பழகிய கைக்கு இரண்டு இடங்கள் இடறும். வரிசை எண் 1-இல் அல்ல, 0-இல் தொடங்கும். இன்னொன்று பெருக்கல். மூன்றுக்கு மூன்று அணிகள் இரண்டை * குறியால் பெருக்கினால் மேட்லேப் அணிப்பெருக்கல் செய்யும். நம்பை உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். அணிப்பெருக்கலுக்கு அங்கே @ குறி. பழக்கத்தில் * இட்டுவிட்டால் பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தவறாக வரும். வேகம் முக்கியமான பெரிய கணக்குகளுக்கு, 2012-இல் வெளிவந்த ஜூலியா மொழியையும் பார்க்கலாம்.

உரிமத்தைக் கைவிடுமுன், விடை தெரிந்த பழைய கணக்கு ஒன்றைப் புதிய மென்பொருளில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கடைசித் தசம இலக்கங்களில் மட்டும் சிறு மாறுபாடு தெரிந்தால், பெரும்பாலும் அது தோராயமாக்கலால் வருவது, கவலை வேண்டாம்.