சங்கு வேண்டாம், பெயர் போதும்



பல்கலைக்கழகங்களில் இயற்கை அருங்காட்சியகங்கள் வளர்ந்த கதையைச் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்துக்கு வந்து சொல்லச் சொன்னீர்கள். உப்பளத்துக்கு நடுவே நின்று பேச இது என்ன பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கதையில் பாதி நம் கடலில் நடந்தது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைத் திறந்தது 1860ல். பல்கலைக்கழகத்தைச் சேராத நம் சென்னை அருங்காட்சியகமோ அதற்கு ஒன்பது ஆண்டு மூத்தது. 1851ல் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கியபோது அதற்கென்று கட்டடம் கிடையாது. கம்பெனி அதிகாரிகள் தமிழ் படித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில்தான் கற்களையும் தாதுக்களையும் அடுக்கினார்கள். எழும்பூருக்குப் போனது பிறகுதான். ஆக, தமிழ் சொல்லிக்கொடுத்த இடத்தில் பிறந்த அருங்காட்சியகம் அது. எனக்கு இதில் பெருமை உண்டு.

1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் நம் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். முத்துச்சிப்பியையும் சங்கையும் பற்றி 1890ல் நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகம் 1894ல் தன் ஆய்விதழ் வரிசையைத் தொடங்கியபோது முதல் எண்ணுக்கு எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும்! நம் கடல்தான் அந்த வரிசைக்குப் பிள்ளையார் சுழி போட்டது. 1927ல் அதே வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் உயிர்களைப் பற்றியும் ஒரு பெரிய தொகுதி வந்தது.

பிறகு பல்கலைக்கழகங்கள் கடலோரத்துக்கே வந்தன. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா வித்திட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வளர்ந்தது. நம் தூத்துக்குடியில் 1977ல் மீன்வளக் கல்லூரி வந்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கி, கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2012ல் மீன்வளப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

இப்படிப்பட்ட இடங்களின் அருங்காட்சியகக் கூடம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் குப்பியில் மீன் மிதக்கும். பார்மலினில் கிடந்து கிடந்து நிறமெல்லாம் வெளுத்து, பழைய வேட்டி மாதிரி ஆகியிருக்கும். அது உயிரோடு இருந்தபோது செதிலில் என்ன மினுக்கம் இருந்தது என்று குப்பி சொல்லாது. வலையிலிருந்து கழற்றிய மீனவர் சொல்வார். குப்பிக்குள் ஒரு சிறு சீட்டு இருக்கும். இனப் பெயர், பிடித்த இடம், தேதி, சேகரித்தவர் பெயர். அந்தச் சீட்டுத்தான் உயிர்நாடி. சீட்டு போய்விட்டால், உள்ளே இருப்பது வெறும் மீன்.

அந்தச் சீட்டில் ஒரு குறை இருக்கிறது. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் சங்குக்கு லத்தீனில் லாம்பிஸ் என்று எழுதுவார்கள். நம்மவர்கள் அதை ஐவிரல் சங்கு என்பார்கள். இன்னொரு சங்கு குதிரைமுள்ளி, மற்றொன்று ஆனைமுள்ளி. இந்தப் பெயர்களில் எத்தனை சீட்டில் ஏறியிருக்கின்றன? அதிகாரி பெயர் ஏறும். மூச்சை அடக்கிக் கீழே இறங்கி அதை எடுத்து வந்த பரதவர் பெயரோ, கீழக்கரை முஸ்லிம் குளியாள் பெயரோ பெரும்பாலும் ஏறுவதில்லை. இது அநியாயம் என்றே நான் சொல்லுவேன்.

எழுதிவைத்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு சான்று. 1973 பொங்கல் சமயத்தில் மணப்பாடு பக்கம் 147 திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. விஞ்ஞானிகள் எண்ணி எழுதிவைத்தார்கள். 2016 ஜனவரியில் அதே கரையில் எண்பதுக்கு மேல் மறுபடியும் ஒதுங்கியபோது, இது முதல் தடவை அல்ல என்று நாடு தெரிந்துகொண்டது அந்தப் பதிவால்தான். எழுதிவைத்தது நின்றது.

எழுதிவைக்காத ஒன்றும் இருக்கிறது. நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அன்று இருபது வயதில் இறங்கியவருக்கு இன்று எண்பதுக்கு மேல். கடலடியில் எந்தப் பாரில் சிப்பி எப்படி இருக்கும், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும் என்பது அவர் நினைவில் மட்டும் இருக்கிறது.

மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பவளத்தையும் குதிரைமுள்ளியையும் எடுக்காதீர்கள். 2001 முதல் சட்டமே அவற்றைக் காக்கிறது. பெயரை எடுத்து வாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு பக்கத்துப் புன்னைக்காயலுக்குப் போங்கள். வயதான ஒரு தாத்தா பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லும் பெயரை அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.